மடிக்கணினியை மேடையில் இணைக்கும்போது: இசை நிகழ்ச்சிக்குத் தெளிவான ஒலியைப் பெறும் முறை

மடிக்கணினியை மேடையில் வைத்து இசை நிகழ்த்துபவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முன்பே பதிவுசெய்த பின்னணி இசையை ஒலிக்கவிட்டு அதனோடு சேர்ந்து பாடுபவர்களும் வாசிப்பவர்களும் முதல் வகையினர். கீபோர்டையோ டிரம் பேடையோ கணினியுடன் இணைத்து, மென்பொருளில் உள்ள வாத்தியங்களை நேரடியாக வாசிப்பவர்கள் இரண்டாம் வகையினர். முதல் வகையினருக்கு இரைச்சல் இல்லாத, இடையில் அறுந்துபோகாத ஒலி கிடைத்தால் போதும். இரண்டாம் வகையினருக்கு அதற்கு மேல், கட்டையைத் தொட்ட மாத்திரத்தில் ஸ்வரம் கேட்டாக வேண்டும். ஆனால் இரு சாராரும் சொல்லும் குறை ஒன்றே: ஹெட்போனில் நன்றாகக் கேட்டது, பெரிய ஒலிபெருக்கியில் போட்டால் ரீங்காரமும் கரகரப்புமாக வருகிறது என்பார்கள்; பழியைக் கணினியின் மீது போட்டு, விலை கூடிய வேறொன்றை வாங்க யோசிப்பார்கள்.

இன்றைய சராசரி மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள ஒலிச் சில்லே அரங்கில் ஒலிக்கப் போதுமான தரம் உடையதுதான். கணினிக்கும் மிக்ஸருக்கும் இடையே உள்ள சில மீட்டர் தூரத்தில்தான் பெரும்பாலும் ஒலி கெடுகிறது. பொருத்தமற்ற கேபிள், சார்ஜர் வழியாக நுழையும் மின் இரைச்சல், அளவு மீறிய அல்லது மிகக் குறைந்த சிக்னல், பாட்டுக்கு நடுவே வேறு வேலை பார்க்கப் போய்விடும் இயங்குதளம் ஆகியவையே வழக்கமான காரணங்கள். ஆகவே பணம் செலவழிக்கும் முன் கேபிளையும் மின்சாரத்தையும் சரிபார்ப்பது நல்லது. வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளவிடப்படுகிறது என்னும் சாம்பிள் ரேட்டைப் பற்றிய விவாதமெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

சரியான கேபிள்

மடிக்கணினியின் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையில் இடது, வலது என இரு சிக்னல்களும், இரண்டுக்கும் பொதுவான ஒரு தரைக் கம்பியும் உள்ளன. இதை மிக்ஸருடன் இணைக்க ஏற்ற கேபிளின் ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கும், மறுமுனையில் இரண்டாகப் பிரிந்த 6.35 மில்லிமீட்டர் மோனோ பிளக்குகளும் இருக்கும். அவ்விரண்டையும் மிக்ஸரின் ஸ்டீரியோ லைன் சேனலில் இடது, வலது உள்ளீடுகளில் செருக வேண்டும். மைக் உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால், மைக்கின் மெல்லிய சிக்னலுக்காக அமைந்த அந்தப் பெருக்கியில் லைன் அளவு சிக்னல் அடைத்துக்கொண்டு உடைந்து ஒலிக்கும்.

மேடைகளில் அடிக்கடி நேரும் விபத்து ஒன்று இங்கே உண்டு. அவசரத்துக்கு யாரோ ஒரு கேபிளை நீட்டுவார்கள். அதன் ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கும் மறுமுனையில் மைக் கேபிளில் இருப்பது போன்ற மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். பிளக் ஒன்றும் இருக்கும். செருகினால் சத்தமும் வரும்; டிரம் எதிரொலியும் ஓரத்துக் கிட்டாரும் கேட்கும்; ஆனால் பாடகரின் குரலும் பேஸ் கிட்டாரும் காணாமல் போயிருக்கும். எக்ஸ்.எல்.ஆர். உள்ளீடு ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் எதிர்பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து எடுத்துக்கொள்கிறது; அந்த இரு கம்பிகளில் இடதும் வலதும் வந்து சேர்ந்தால், இரண்டிலும் சமமாக உள்ள அனைத்தும் கழிந்துபோகும். பாட்டின் நடுவில் வைத்துக் கலக்கப்பட்ட குரல், பேஸ், கிக் டிரம் ஆகியவை இரு பக்கமும் சமமாக இருப்பவை என்பதால் அவையே முதலில் மறைகின்றன. குரல் மட்டும் காணாமற்போனால் மென்பொருளைக் குடையாமல் கேபிளைப் பாருங்கள். இதே தவறான இணைப்பில் சில மைக்குகளை இயக்க மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரமும் போடப்பட்டிருந்தால், அது கணினியின் ஹெட்போன் சுற்றைப் பழுதாக்கவும் கூடும்.

மேற்சொன்ன இரு கிளைக் கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை. அதற்கு மேல் நீளும்போது, அருகில் ஓடும் விளக்குக் கம்பிகளின் இரைச்சலை அது வாங்கத் தொடங்கிவிடும். மிக்ஸர் அரங்கின் மறுகோடியில் இருந்தால் டி.ஐ. பெட்டி என்னும் சிறு கருவி தேவை. அது கணினியின் சிக்னலை வாங்கி, நேரும் தலைகீழுமாக இரு கம்பிகளில் செல்லும் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றி, மைக் அளவுக்குக் குறைத்து அனுப்பும்; அதன் பிறகு சாதாரண மைக் கேபிளில் முப்பது, ஐம்பது மீட்டர் கூடத் தெளிவு குன்றாமல் போகும். மடிக்கணினிக்கு இரு சேனல்கள் கொண்ட, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, தனி மின்சாரம் வேண்டாத பாசிவ் வகையே என் பரிந்துரை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் கணினியின் மின்சுற்றையும் மிக்ஸரின் மின்சுற்றையும் பிரித்து வைப்பதால், ரீங்காரமும் ஃபாண்டம் மின்சாரமும் ஒரே அடியில் தடுக்கப்படுகின்றன. மின்சாரத்தில் இயங்கும், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆக்டிவ் வகைகள் எல்லாமே இந்தப் பாதுகாப்பைத் தரும் என்று சொல்ல முடியாது. பெட்டியை மிக்ஸரின் பக்கத்தில் வைக்காமல் கணினியின் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். இரைச்சலை வாங்கும் கம்பி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ரீங்காரம் எங்கிருந்து வருகிறது?

இணைத்தவுடன் பாட்டு ஓடாத நிலையிலேயே ரீங்காரம் கேட்டால், முதல் வேலையாகச் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் உடனே நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. மிக்ஸர் ஒரு வழியாகவும் கணினி தன் சார்ஜர் வழியாகவும் எர்த் பெறும்போது, ஒலிக் கேபிளின் தரைக் கம்பி அவ்விரண்டையும் இணைத்து ஒரு வளையத்தை உண்டாக்குகிறது. அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டமே 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகவும் அதன் மடங்குகளாகவும் ஒலிபெருக்கியில் கேட்கிறது. எர்த் இல்லாத இரு முனைச் சார்ஜர்களிலும் இரைச்சல் வருவதுண்டு. அவற்றிலிருந்து கசியும் சிறு மின்னோட்டத்தால்தான் உலோக உடல் கொண்ட கணினிகளைத் தொடும்போது விரலில் ஒரு கூச்சம் தெரிகிறது.

சார்ஜரைக் கழற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால், அடுத்து கேபிளைக் கணினியிலிருந்து உருவி விடுங்கள். உருவும்போது வரும் டப் என்ற வெடிப்பைத் தவிர்க்க, அதற்கு முன் மிக்ஸரில் அந்தச் சேனலை மியூட் செய்ய வேண்டும். மீண்டும் திறக்கும்போது, திறந்து கிடக்கும் பிளக் முனை லேசாக முனகுவது இயல்பே. ஆனால் முன்பு கேட்ட அதே சத்தம் அதே அளவில் தொடர்ந்தால், கோளாறு கேபிளிலோ மிக்ஸரிலோ இருக்கிறது. மாறாக, கணினியுடன் இணைந்திருக்கும்போது மட்டும் கீச்சென்ற மெல்லிய ஒலி கேட்டு, சுட்டியை நகர்த்தும்போதும் திரையில் பக்கத்தை உருட்டும்போதும் அந்தக் கீச்சொலியின் தன்மை மாறினால், அது கணினியின் உள்ளேயே ஒலிச் சுற்றில் கசியும் இரைச்சல். அத்தகைய கணினியில் ஹெட்போன் துளையைக் கைவிட்டு வெளிக்கருவி ஒன்றுக்கு மாறுவதே வழி.

சார்ஜரே காரணம் என்று தெரிந்தால் மூன்று வழிகள் உள்ளன. கணினியையும் மிக்ஸரையும் ஒரே மின்பலகையில் செருகிப் பார்ப்பது எளிது. பல இடங்களில் அதுவே போதுமானதாக இருக்கும். டி.ஐ. பெட்டியில் தரைக் கம்பியின் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுவது அடுத்தது. மூன்றாவது, சார்ஜரே இல்லாமல் பேட்டரியில் ஓட்டுவது. சார்ஜர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடுவதோ டேப் சுற்றி மறைப்பதோ நான்காவது வழி என்று சிலர் சொல்வார்கள். சாதனத்தில் மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காக்க இருக்கும் பாதுகாப்பு அது என்பதால், அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

பேட்டரியில் ஓட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல மடிக்கணினிகள் சார்ஜர் இல்லாதபோது செயலியின் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. பின்னணி இசையை ஓட்டுபவருக்கு அதனால் பாதகம் ஒன்றுமில்லை. கனமான மென்பொருள் வாத்தியங்களை வாசிப்பவருக்கோ, ரீங்காரம் போய் அதற்குப் பதிலாகப் படபடவென்ற வெடிப்பொலி வந்து சேரும். அவர் சார்ஜரை இணைத்தே வைத்துக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டியால் ரீங்காரத்தைத் தடுப்பதே சரி.

ஆடியோ இன்டர்ஃபேஸ் எப்போது தேவை?

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது கணினியின் ஒலியை யு.எஸ்.பி. வழியாக வாங்கி மிக்ஸருக்கு அனுப்பும் வெளிக்கருவி. அது கட்டாயமாகத் தேவைப்படுபவர்கள் மென்பொருள் வாத்தியம் வாசிப்பவர்களும், வாசிப்பவருக்கு மட்டும் தாளம் காட்டும் கிளிக் ஒலியைத் தனியாக அனுப்ப வேண்டியவர்களும், மேற்சொன்ன கீச்சொலி உள்ள கணினியை வைத்திருப்பவர்களும்தான். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பெட்டியின்மீது பெரிதாக அச்சிட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மேடைக்கு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸே நிறைவானது. அதற்கு மேல் போனால் செயலியின் சுமைதான் ஏறும். பார்க்க வேண்டியவை வேறு: வெளியீடுகள் பேலன்ஸ்டு வகையா, அவை எத்தனை, உங்கள் இயங்குதளத்துக்கு நிலையான டிரைவர் உள்ளதா, ஒலியளவைக் கையால் திருகிக் குறைக்கக் குமிழ் இருக்கிறதா என்பவையே.

இன்டர்ஃபேஸிலிருந்து மிக்ஸருக்குச் செல்லும் கேபிள் மூன்று தொடுபகுதிகள் உள்ள 6.35 மில்லிமீட்டர் டி.ஆர்.எஸ். பிளக்குகள் கொண்டது, ஒரு வெளியீட்டுக்கு ஒரு கேபிள். இங்கே மறுமுனை எக்ஸ்.எல்.ஆர். ஆக இருந்தாலும் தவறில்லை, ஏனெனில் இன்டர்ஃபேஸின் ஒவ்வொரு வெளியீடும் உண்மையிலேயே நேர், தலைகீழ் என இரு கம்பிகளில் ஒரே சிக்னலைத் தருகிறது. ஆனால் அந்த எக்ஸ்.எல்.ஆர். மைக் உள்ளீட்டில் செல்வதாக இருந்தால் மிக்ஸரில் சிக்னலைத் தணிக்கும் பேட் பொத்தானை அழுத்தி, பெருக்கத்தின் அளவான கெயினை முழுதும் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபாண்டம் மின்சாரம் அந்தச் சேனலில் அணைந்திருக்கட்டும். இன்டர்ஃபேஸைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகுவதே சிறந்தது. ஹப் தவிர்க்க முடியாதது என்றால் தனி மின்சாரம் கொண்ட ஹப்பைப் பயன்படுத்தி, மவுஸ், தட்டச்சுக் கீபோர்டு போன்றவற்றை அதில் மாட்டிவிட்டு, இன்டர்ஃபேஸுக்குக் கணினியின் துளையை விட்டுவிட வேண்டும்.

புளூடூத் ஒலிபெருக்கிகளையும் புளூடூத் ரிசீவர்களையும் மேடைக்குப் பரிந்துரைக்க இயலாது. சாதாரண புளூடூத் இணைப்பில் ஒலி வந்து சேர நூறு முதல் இருநூறு மில்லிவினாடிக்கு மேலும் ஆகலாம் என்பதோடு, அரங்கு நிறையக் கைப்பேசிகள் வந்தபின் அந்த இணைப்பு ஒத்திகையில் இருந்ததுபோல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இரு வெளியீடுகள் மட்டுமே உள்ள இன்டர்ஃபேஸிலும் கிளிக் ஒலியைப் பிரிக்க ஒரு பழைய வழி உண்டு. பின்னணி இசை முழுவதையும் மோனோவாக்கி இடப்பக்கம் வைத்து, கிளிக்கை வலப்பக்கம் வைத்துக் கோப்பைத் தயாரித்துவிட்டால், இடது வெளியீடு அரங்குக்கும் வலது வெளியீடு டிரம் வாசிப்பவரின் காதுக்கும் போகும். ஸ்டீரியோவை இழக்கிறோமே என்ற கவலை தேவையில்லை. பல அரங்குகளின் ஒலியமைப்பு எப்படியும் மோனோவில்தான் இயங்குகிறது. அதனால் ஸ்டீரியோவில் வைத்திருப்பவர்களும் தங்கள் கோப்புகளை ஒருமுறை மோனோவாக்கிக் கேட்டுவிடுவது அவசியம். அகலமாகப் பரப்பிய சின்தசைசர் ஒலிகள் சில, இரு பக்கமும் சேரும்போது பாதியாக மெலிந்துவிடும்.

தாமதமும் வெடிப்பொலியும்

நேரடியாக வாசிப்பவர்களுக்கு இதுவே மையமான பிரச்சினை. கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. பஃபர் என்னும் தொகுதியாகச் சேர்த்து அனுப்புகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஏறத்தாழ 2.9 மில்லிவினாடி, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. டிரைவரும் மாற்றிச் சில்லும் சேர்க்கும் தாமதம் இதற்கு மேல் தனி. காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது என்பதால், பத்து மில்லிவினாடி தாமதம் என்பது ஒலிபெருக்கியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். இழைந்து வரும் ஸ்ட்ரிங்ஸ் ஒலியை வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. டிரம் பேடு தட்டுபவருக்கு உடனே உறுத்தும்.

பஃபரைக் குறைக்கக் குறைக்கச் செயலிக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைகிறது; ஒரு தொகுதியை உரிய நேரத்தில் முடிக்காவிட்டால் அந்த இடைவெளி வெடிப்பொலியாகக் கேட்கும். எனவே உங்கள் நிகழ்ச்சியில் மிகக் கனமான பாட்டைத் திறந்து, எல்லா வாத்தியங்களையும் ஒருசேர அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள். வெடிப்பே இல்லாத மிகச் சிறிய பஃபரைக் கண்டுபிடித்து, நிகழ்ச்சிக்கு அதற்கு அடுத்த பெரிய அளவை வையுங்கள். பின்னணி இசையை மட்டும் ஓட்டுபவர்கள் இந்தச் சோதனை எதையும் செய்யாமல் 1024-இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைப் பயன்படுத்த வேண்டும். நிறுவனத்தின் டிரைவர் இல்லாதபோது ஆசியோ4ஆல் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். மேக் கணினிகளில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ என்ற ஏற்பாடு இயங்குதளத்துடனேயே வருவதால் பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது. செயலியின் சுமை குறைவாக இருந்தும் வெடிப்பொலி வந்துகொண்டே இருந்தால், வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்று இடையில் புகுந்து நேரத்தைப் பிடுங்கிக்கொள்வதாக இருக்கலாம். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவி, குற்றவாளி எந்த டிரைவர் என்பதைப் பெயர் சொல்லிக் காட்டும். பெரும்பாலும் வைஃபையை அணைத்தாலே தீர்ந்துவிடும்.

கணினியை நிகழ்ச்சிக்குத் தயார்செய்தல்

மின்சேமிப்பு ஏற்பாடுகள் அனைத்தையும் நீக்கி, உயர் செயல்திறன் நிலைக்கு மாற்றுங்கள். திரை அணைவது, தூக்க நிலைக்குப் போவது, மூடியை மூடினால் நின்றுவிடுவது, விண்டோஸில் யு.எஸ்.பி. துளையின் மின்சாரத்தை இடையில் நிறுத்தும் ஏற்பாடு ஆகிய எல்லாவற்றையும் முடக்க வேண்டும். அறிவிப்புகளை நிறுத்துங்கள், தானியங்கிப் புதுப்பிப்பைத் தள்ளிவையுங்கள், வைஃபையையும் புளூடூத்தையும் அணையுங்கள். ஒலியமைப்பில் உள்ள மேம்பாடு, சுற்றொலி, ஒலியளவைச் சமப்படுத்தல் போன்ற அலங்காரங்கள் சிறிய உள்ஒலிபெருக்கிகளுக்காகச் செய்யப்பட்டவை. அரங்கின் ஒலிபெருக்கியில் அவை பேஸை வீங்கச் செய்து, மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒன்றாக்கிவிடும் என்பதால் நீக்கிவிடுவது நல்லது.

இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் செய்யத் தக்க எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. இயங்குதளத்தின் இயல்பான ஒலி வெளியீடாகக் கணினியின் உள்ஒலிபெருக்கியையே விட்டுவைத்து, இசை மென்பொருளுக்குள் மட்டும் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கணினி எதற்காக மணி அடித்தாலும் அது உங்கள் மேசைக்குள்ளேயே அடங்கிவிடும். ஹெட்போன் துளையைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியவுடன் ஒலி முழுவதும் புரொஜெக்டருக்கு இடம் மாறிவிடக்கூடும். திரையில் படம் காட்டும் நிகழ்ச்சியென்றால், அந்தக் கேபிளையும் செருகிய பிறகே ஒலியைச் சோதியுங்கள்.

வெப்பத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடை விளக்கின் கீழோ வெயிலிலோ காற்றுத் துளைகள் அடைபட்டபடி துணியின்மேல் வைக்கப்பட்ட கணினி, சூடேறியதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுப் புகும் சிறு தாங்கி ஒன்றில் உயர்த்தி வையுங்கள்.

அளவும் கோப்பும்

இசை மென்பொருளில் உச்ச அளவு முழு எல்லைக்கு 6 டெசிபல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸ் என்றால் இயங்குதளத்தின் ஒலியளவை முழுதாக வைக்கலாம்; ஹெட்போன் துளை என்றால் 80 சதவீதம் அளவில் வைப்பது பாதுகாப்பு, ஏனெனில் சில கணினிகளில் அதற்கு மேல் போகும்போது ஒலி உடைகிறது. மிகக் குறைவாக வைத்து மிக்ஸரில் கெயினை ஏற்றினால் கணினியின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். இந்த அளவுகளை ஒருமுறை நிர்ணயித்தபின் கணினியில் கையே வைக்காமல், ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் மிக்ஸரின் ஃபேடரில் மட்டும் செய்ய வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவு தாவுவதைத் தவிர்க்க, கோப்புகள் அனைத்தையும், காதுக்குத் தோன்றும் உரப்பை அளக்கும் லஃப்ஸ் அளவீட்டில் ஒரே எண்ணுக்கு முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டால், ஒலிப்பொறியாளர் பாதி வேலை குறைந்ததென்று மகிழ்வார்.

கோப்புகள் வேவ் வடிவில் இருப்பது நல்லது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் எடுக்கும்; இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கே சுமார் 1.2 ஜிகாபைட்தான் ஆகிறது என்னும்போது சுருக்கி வைப்பதில் ஆதாயம் ஏதுமில்லை. எம்.பி.3 மட்டுமே கையில் இருந்தால் 320 கிலோபிட் அளவில் இருக்கட்டும், ஆனால் எம்.பி.3 ஆக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுவதால், திரும்பத் திரும்பச் சுழலும் லூப்களுக்கு அது உதவாது. எல்லாக் கோப்புகளும் ஒரே சாம்பிள் ரேட்டில் இருக்க வேண்டும். 44.1-இல் பதிவான கோப்பை மென்பொருள் மாற்றாமல் 48-இல் ஓட்டிவிட்டால், பாட்டு வேகமாகி, சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் உயர்ந்துவிடும். ஒத்திகையில் சரியாக இருந்த சுருதி மேடையில் பாடகருக்கு எட்டாமல் போனால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோப்புகளைக் கணினியின் உள் எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள்; பென் டிரைவிலிருந்தோ இணையத்திலிருந்தோ நேரடியாக ஓட்ட வேண்டாம்.

நிகழ்ச்சி நாளன்று

மிக்ஸரில் உங்கள் சேனல் மியூட்டில் இருக்கும்போதே எல்லாக் கேபிள்களையும் செருகி, கணினியையும் இன்டர்ஃபேஸையும் இயக்கி முடித்துவிடுங்கள். ஒலிபெருக்கிகள் கடைசியாக இயக்கப்பட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் அணைக்கப்பட வேண்டும். ஒலிச் சோதனையின்போது மிக உரத்த பாட்டையும் மிக மெல்லிய பாட்டையும் ஓட்டிக் காட்டுங்கள். மெல்லிய பாட்டின் இடைவெளியில்தான் மீதமுள்ள இரைச்சல் வெளிப்படும். 3.5 மில்லிமீட்டர் பிளக்கே இந்த இணைப்பு முழுவதிலும் மிகப் பலவீனமான இடம் என்பதால், அந்தக் கேபிளை மேசைக் காலிலோ தாங்கியிலோ ஒரு சுற்று சுற்றிக் கட்டி, யாராவது தடுக்கினாலும் இழுவை பிளக்கை எட்டாதபடி செய்யுங்கள்.

மாற்று ஏற்பாடாக, அதே பின்னணிக் கோப்புகளைக் கைப்பேசியிலோ வேறொரு பிளேயரிலோ ஏற்றி, விமானப் பயண நிலையில் வைத்து, மிக்ஸரின் இன்னொரு சேனலில் தனிக் கேபிளால் இணைத்து மியூட்டில் வைத்திருக்கலாம். கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லையென்றால் அதற்குரிய சிறு மாற்றியை ஒத்திகையின்போதே செருகி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எந்தச் சேனலில் எது இருக்கிறது என்பதை ஒலிப்பொறியாளரிடம் சொல்லி, மிக்ஸரில் டேப் ஒட்டி எழுதிவிட்டால், கணினி நின்றுபோகும் அந்தக் கணத்தில் நீங்கள் சைகை காட்டுவதற்குள் அவர் மற்ற ஃபேடரை ஏற்றியிருப்பார்.